சிலிண்டரில் உட்கார்ந்திருப்பவர்

என் கணவர் மவுத்தாகி ஆறாம் நாள், "நாளைக்குத் தண்ணி வெட்டு" என்ற அறிவித்தலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்.

எங்கள் தெருப் பெண்களின் போன் குழு அது. தண்ணீர் நிற்பது, கரண்ட் போவது, யாருக்குப் பிள்ளை கிடைத்தது, யார் வீட்டில் கலியாணம் எல்லாம் அதில்தான் வரும். தண்ணீர் வெட்டு என்றதும் யாரோ ஒருத்தி, பேர் சொல்லி என்ன ஆகப்போகிறது, தன் கவலைக்கு ஒரு ஸ்டிக்கர் போட்டிருந்தாள். கேஸ் சிலிண்டரின் மேல் துவாயைப் போட்டு, அதன் மேல் பெனியனும் சாரனும் தொப்பியுமாக ஒரு மனிதர். ஒரு கண் பாதி மூடிக் கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருக்கிறது. காலடியில் "நல்லா இரிக்கன்" என்று கொட்டை எழுத்து. அவர்தான் என் கணவர்.

அவளில் பிழையில்லை. அந்த ஸ்டிக்கர் எல்லார் போனிலும் குசினியில் உப்பு மாதிரிக் கிடக்கிறது, கை தானாக அதற்குத்தான் போகும். கொஞ்ச நேரத்தில் அதை அழித்துவிட்டு, "ராத்தா, அல்லாவுக்காக மன்னிச்சிக்கங்க, கை பட்டுட்டு" என்று குரல் அனுப்பினாள். குரலில் அழுகை. பாவம், நான்தான் அவளைத் தேற்றினேன். புருஷனைப் பறிகொடுத்தவள் தண்ணீர் வெட்டுக்காரிக்கு ஆறுதல் சொல்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் மவுத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்குவதில்லை. வெள்ளை உடுப்பு. அத்தர் பூசுவதில்லை. அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. எனக்கு அதில் ஒரு முறைப்பாடும் இல்லை. வெளியே போய் நான் யாரைப் பார்க்கப் போகிறேன்? இது என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. அவர் நற்பிட்டிமுனையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லக் கூச்சப்படுவார். வந்த மாதிரியே சத்தமில்லாமல் போயும்விட்டார்.

இத்தா இருந்த அந்த அறைக்குள் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய முகம். கண்ணை மூடினால் அது வர வேண்டும், வேறு எதுவும் நான் அல்லாஹ்விடம் கேட்கவில்லை.

படம் இல்லையா என்று கேட்பீர்கள். இந்தக் காலத்தில் கோழிக்குஞ்சுக்குக் கூடப் படம் இருக்கிறது. ஆனால் எங்கள் கலியாண அல்பம் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கடலோடு போனது. அதற்குப் பிறகு அவர் யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. "ஊட்டுக்குள்ள படம் இரிந்தா மலக்குமார் வரமாட்டாங்க புள்ள" என்பார், வானவர்களுக்குப் பயந்தவர். மகளின் கலியாணத்தில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். அதில் அவருடைய முதுகு இருக்கிறது, சோற்றுச் சஹன் தூக்கும் கை இருக்கிறது, கமராவை மறைக்கிற உள்ளங்கை இருக்கிறது. அடையாள அட்டையில் ஒரு மனிதர் முறைத்துக்கொண்டு இருக்கிறார், அவரை எனக்குத் தெரியாது. அப்படி ஒளித்துத் திரிந்த ஆளைத்தான் ஊர் உலகமெல்லாம் பார்த்தது.

அது நடந்த விதம் இதுதான். நாடு முழுக்கக் கேஸ் இல்லாத காலம். விடியச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிட்டு, வெயில் ஏறுமட்டும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இவருக்கு முதல் நாளே பல்லுக் குத்துத் தொடங்கிவிட்டது. கடவாய்ப் பல். நான்தான் கராம்பை நசித்துப் பஞ்சில் சுற்றி, "ஆ காட்டுங்க" என்று பிள்ளைக்குச் செய்வது போல வாயைத் திறக்க வைத்து அடைத்து அனுப்பினேன். அங்கே போனைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சொந்தமாகச் செய்திப் பக்கம் நடத்துகிறானாம். "காக்கா, எப்பிடி இரிக்கிறீங்க?" கராம்பு எரிகிறது, பல் இடிக்கிறது, முதுகில் வெயில். இவர் ஒரு கண்ணைச் சுருக்கி, வாயை ஒரு பக்கம் இழுத்து, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன்" என்றார். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கிழமையே அவர் படமாகி, ஸ்டிக்கராகி ஊரெல்லாம் சுற்றினார். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போனார். பிறகு இந்தியாவுக்கும் போய்விட்டார். கொழும்புக்குப் போவதென்றால் ஒரு மாதம் யோசிக்கிற மனிதர்! சோதனையில் பெயிலானவனுக்கும் இவர்தான், கிரிக்கெட்டில் தோற்றவனுக்கும் இவர்தான், மாமியார் வந்து இறங்கிய மருமகளுக்கும் இவர்தான். மகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டுவாள். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல். ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். இந்த மனிதரின் முகத்தில் ஒரு சனத்தின் முழுப் பொறுமையும் தெரிகிறதாம். சிரிப்பா அழுகையா என்று பிரிக்கமுடியாத ஞானமாம். எனக்கு வந்ததே கோபம். "ஞானமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, பல்லு எண்டு எழுது" என்று மகளை ஏவினேன். எழுதினாள். அந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்: நீங்கள் அந்த முகத்தை ஆழமாகப் பார்க்கவில்லை, சகோதரி. கராம்பு வைத்தவள் நான். ஆழம் எவ்வளவு என்று எனக்கா தெரியாது?

அவர் மட்டும் கோபப்படவில்லை. "அது நான் இல்ல புள்ள" என்றார். "நான் கேஸ எடுத்துக்கிட்டு ஊட்ட வந்திட்டன். அவன் இன்னம் அங்கயே குந்திக்கிட்டு இரிக்கான்."

அப்படிச் சொன்னாரே தவிர, அவன் இவரை விடவில்லை. பள்ளிக்குத் தொழப் போனால் கை கால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் சிரிப்பு. கலியாண வீட்டில் சேர்ந்து சாப்பிடச் சஹனில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் போனை நீட்டி, "காக்கா, அந்த மொகத்த ஒருக்காக் காட்டுங்க" என்பான். பெரிய பாவம் என்னவென்றால், அதற்குப் பிறகு அவரால் யாருக்கும் நல்லா இரிக்கன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் சொல்லச் சொல்வார்கள். சலாம் சொன்ன ஆட்களுக்கு வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வரப் பழகினார். கூட்டத்துக்குப் போவதும் குறைந்துபோனது. வீட்டில் என்னிடம் மட்டும் பழைய மாதிரிக் கதைத்தார். இருக்கிற ஒரு மனிதனைத் தள்ளிவிட்டு இல்லாத ஒருவன் அந்தக் கதிரையில் உட்காரலாம் என்பதை நான் அவரில்தான் கண்டேன்.

ஒரு நாள் நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார். இந்த முறை யாரோ ஒரு கெட்டிக்காரன் அவரை இரண்டாக்கியிருந்தான். அதே படத்தை மறுபக்கம் திருப்பி, ஒருவருக்கு எதிரே ஒருவராக இரண்டு சிலிண்டரில் இருத்தி வைத்திருந்தான். ஒருவர் கேட்கிறார்: "எப்பிடி இரிக்கிறீங்க?" மற்றவர் சொல்கிறார்: "உங்களப் போலத்தான்."

"இதில நான் எவன் புள்ள?" என்றார்.

நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். தேங்காய்ப் பூ ஒட்டிய விரலால் ஒருவரைத் தொட்டு, "இவருதான் நீங்க" என்றேன்.

"எப்பிடிச் செல்லுற?"

"கராம்பு வெச்ச பக்கம் எனக்குத் தெரியாதா? மற்ற ஆளுக்குப் பல்லு மாறிக் குத்துது."

அவர் சிரித்த சிரிப்பு! தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போன் திரையில் பட்ட தேங்காய்ப் பாலைச் சாரனில் துடைத்தார். "அல்லாவே, ஒரு ஆளாவது கண்டுபிடிச்சிட்டா" என்றார். பிறகு கொஞ்ச நாளில் அக்கரைப்பற்றில் ஒரு பல் டொக்டரிடம் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். சிலிண்டரில் இருந்தவருக்கு மட்டும் அது இன்றைக்கும் குத்திக்கொண்டே இருக்கிறது.

மவுத்து வந்தது ஒரு பகல் நேரம். லுஹர் தொழுதார், சாப்பிட்டார், கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்றார். அசருக்கு எழுப்பப் போனேன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு ஏலாது.

வெள்ளைத் துணியால் கபனிட்ட பிறகு கடைசியாக முகம் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. மையத்து உடம்பின் மேல் கண்ணீர் விழக் கூடாது என்று யாரோ என்னைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். வெள்ளையாக ஏதோ மங்கித் தெரிந்தது, அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கண்ணை அகலத் திறந்து பார்க்க வேண்டியிருந்த நேரம் அது, நான் பார்க்கவில்லை. எங்கள் பெண்கள் அடக்குகிற மையவாடிக்கும் போவதில்லை. அவரை வைத்துத் தூக்கிய சந்தூக்கு கேற்றைத் தாண்டும் வரை கண்டேன். மற்றதெல்லாம் மருமகன் வந்து சொன்னது. மண் ஈரமாக இருந்ததாம், நிறையச் சனமாம், நல்ல இடமாம்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? ஆனால் அறைக்குள் இருக்கிறவளுக்கு வேறு மாதிரி யோசனைகள் வரும். கேற்றுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்வது சத்தங்கள் மட்டும்தான். பாங்கு கேட்டால் பள்ளி இருக்கிறது. மீன்காரனின் ஹோர்ன் கேட்டால் கடல் இருக்கிறது. கேட்காத நேரத்தில் அவை எங்கே இருக்கின்றன? கல்முனைச் சந்தி, சனங்கள், பஸ் எல்லாம் என் தலைக்குள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. விசர்க் கேள்வி என்று தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை விட முடியவில்லை, ஏனென்றால் அவர் விஷயத்தில் அது உண்மையாகவே அப்படித்தான் ஆகிவிட்டது. வெளியே எங்கேயும் அவர் இல்லை. என் மனதுக்குள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதற்குள்தான் பக்கத்து வீட்டு மாமி வந்தார். கையில் ஒரு கோப்பை கஞ்சி, வாயில் ஒரு சட்டம். நான் போனைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"இத்தாவில இரிக்கிற பொம்புள அந்நிய ஆம்புளைட மொகம் பாக்கிறயா? போனுக்குள்ள இரிக்கிறவனும் ஆம்புளதானே?"

மகள் பாய்ந்தாள். "மாமி, இது வாப்பாட ஸ்டிக்கர்."

மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனை வாங்கி நன்றாகப் பார்த்தார். "இது ஒங்கட வாப்பாவா? ஒங்கட வாப்பா மையவாடியில கிடக்காரு. அல்லா அவருக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும். இது வேற ஆளு."

"வேற ஆளா? நல்லாப் பாருங்க."

"நான் நல்லாத்தான் பாக்கன். இந்த மனிசன அமெரிக்காக்காரனுக்கும் தெரியுமாம். ஒங்கட வாப்பாவ இந்தத் தெருவுக்கே சரியாத் தெரியா. எப்பிடி ரெண்டும் ஒரு ஆளாகும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவர் இருந்திருந்தால், "மாமி செல்லுறது சரி புள்ள" என்று முதல் ஆளாகச் சொல்லியிருப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை மகள் மௌலவியிடம் போனில் கேட்டாள். அவர் நல்ல மனிதர், உம்மா மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் ஓதட்டும் என்று மட்டும் சொன்னார். ஆனால் மாமியின் வாய்க்குப் பயந்து, என் மனமும் நோகக் கூடாது என்று நினைத்து, மகள் என் போனிலிருந்து அந்த ஸ்டிக்கர்கள் அத்தனையையும் எனக்குச் சொல்லாமலே அழித்துவிட்டாள். என் நன்மைக்குத்தான் செய்தாள். இந்த வீட்டில் எனக்கு நடந்ததெல்லாம் என் நன்மைக்குத்தான்.

அழித்தால் போய்விடுமா? கண்ணை மூடினேன், சிலிண்டரில் இருந்தவர் வந்தார். தஸ்பீஹ் மணியைப் பிடித்துக்கொண்டு மூடினேன், அவரே வந்தார். கலியாணத்தன்று முகத்திரைக்குள்ளால் நான் கள்ளமாகப் பார்த்த முகம் எங்கே? கடல் வந்த அன்று என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவரின் முகம் எங்கே? கை வருகிறது, சாரனின் கட்டம் வருகிறது, இருமல் கூட வருகிறது. கழுத்துக்கு மேலே போனால் ஒரு கண் சுருங்கி, வாய் ஒரு பக்கம் இழுபட்டு, அவன். அவன், அவன், அவன். தேங்காய் திருவிய நாளில் தோள் குலுங்கச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்கு மேலேயும் அவனுடைய முகத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது? வேறு யார், என் தலைதான்.

பயந்துபோய் மகளைக் கூப்பிட்டேன். "வாப்பாட மொகத்த நெனச்சிப் பாரு மகள். ஒனக்கு வருதா?"

"ஓம்மா, ஏன் வராம" என்றாள். கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க, அவளுக்கே தெரியாமல், அவளுடைய வாய் மெதுவாக ஒரு பக்கம் கீழே இழுபட்டது.

"போதும்" என்றேன். "வருது, என்ன?" என்றாள் சந்தோஷமாக. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? உலகத்தில் அவரைப் பத்திரமாக வைத்திருந்த தலைகள் இரண்டே இரண்டு. இரண்டிலும் அவன் குடியேறிவிட்டான்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பல் ஞாபகம் வந்தது. அந்தப் படத்தில் மற்ற எல்லாம் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது, அந்த நோவு மட்டும் எனக்குத் தெரிந்த நோவு. அது உண்மை. என் விரல் தொட்ட பல். அதைப் பிடித்துக்கொண்டு போனால், அதற்குப் பக்கத்தில் கன்னம், அதற்கு மேலே கண் என்று உண்மையான மனிதரிடம் போய்ச் சேரலாம் என்று நினைத்தேன். அறிவுள்ளவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அந்த அறைக்குள் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த ஸ்டிக்கரைத் திருப்பி அனுப்பும்படி மகளிடம் சொன்னேன்.

அவள் தேடி அனுப்பினாள். ஒன்றில் வாய் இந்தப் பக்கம் இழுபடுகிறது. இன்னொன்றில் அந்தப் பக்கம். அந்த இரட்டைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து ஆளுக்கொரு பக்கமாகப் பரப்பியிருக்கிறார்கள். துவாய் விழுந்து சிலிண்டரின் எழுத்தை மறைத்திருக்கிறது. பெனியனுக்குப் பையும் இல்லை, பொத்தானும் இல்லை. எது அசல் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு அடையாளமும் கிடையாது.

"வாப்பாக்கு எந்தப் பக்கப் பல்லு?" என்று கேட்டேன். மகள் வலது என்றாள். மருமகன் கதவுக்கு வெளியே நின்று இடது என்றார், பல்லுப் பிடுங்கக் கூட்டிப்போனது தான்தானாம், பஞ்சு வைத்த பக்கம் தனக்கு நல்ல ஞாபகமாம். டொக்டரிடம் கேட்கலாமே என்று அவரே போன் எடுத்துப் பார்த்தார். டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாராம். அந்தச் செய்திப் பக்கத்தைத் தேடினார்கள், அதையும் காணவில்லை. இனி அதைச் சரியாகச் சொல்லக் கூடியவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். மகள் அனுப்பியதில் இருந்த இரட்டைப் படத்தைத் திறந்து மடியில் வைத்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்பிடி இரிக்கிறீங்க? உங்களப் போலத்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைக்குத் தெரியும் என்று நினைத்தேன். எத்தனை வருடம் பழகிய கை. அவர் எனக்கு முன்னால் ஆ காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எண்ணி, பஞ்சைப் பிடிப்பது போல இரண்டு விரலைச் சேர்த்துக் கொண்டுபோனேன். "ஆ காட்டுங்க" என்று வாய்விட்டும் சொன்னேன். கை இரண்டு முகத்துக்கும் நடுவில் போய் நின்றது. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

ஒரு ஆளாவது கண்டுபிடிச்சிட்டா என்றீர்களே. யா அல்லாஹ், அந்த ஒரு ஆளும் நான்தானே.

கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் தானாக அணைந்தது.